இடது பக்கத்து பிளேட்

ரெமிஜியஸின் தலைக்கு அந்த மைசூர் பேட்டா தலைப்பாகை பெரிதாக இருந்தது. கோவிந்தப்பா இரண்டு கையாலும் அதைச் சூட்டிவிட்டு நகர்ந்ததும் மெல்ல இறங்கிப் புருவத்தில் வந்து உட்கார்ந்தது.

"அங்கிள், ஸ்குவாட்ல கூட நீங்க இவ்ளோ கீழ எறங்கினதில்ல!" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்த, ரிச்சர்ட்ஸ் டவுன் மண்டபமே சிரித்தது. ரெமிஜியஸும் சிரித்தார்.

மேடையோரம் மைக்கோடு நின்றிருந்த தர்ஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த மனிதருக்குக் கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். இப்போது சட்டைக் காலருக்குள் இரண்டு விரலை விட்டு ஆட்டலாம். எழுபத்தொரு வயதுக்காரர் எழுபத்தொரு வயதுக்காரராகவே ஆகிவிட்டிருந்தார்.

"ஏய் தர்ஷினி, ஓதும்மா, பேகா, சீக்கிரம்! ஹாலு எட்டு மணிக்கு விடணும்," என்று கோவிந்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஜிம்மின் சொந்தக்காரர் அவர். பாராட்டுரையை எழுதியதும் அவர்தான். தமிழும் கன்னடமும் தடங்கலில்லாமல் வாசிப்பாள் என்று பதினேழு வயதுப் பெண்ணின் கையில் தாளைத் திணித்துவிட்டார்.

அவள் வாசித்தாள். நாற்பத்தொன்பது வருடமாக இரும்பைத் தூக்கிய ரெமிஜியஸ் இனி மேடை ஏறுவதில்லை என்று முடிவு செய்திருப்பதை வாசித்தாள். பக்கத்து நாற்காலியில் இன்னொரு பேட்டாவோடு உட்கார்ந்திருந்த நடுவர் எத்திராஜைப் பற்றியும் வாசித்தாள். "முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரே ஒரு எடை பிளேட் மாறிப்போனாலும் எத்திராஜ் அவர்களின் கண்ணுக்குத் தப்பியதில்லை" என்ற வரி வந்தபோது அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாமா என்று பார்த்தாள். பிறகு அந்த வரியையும் வாசித்தாள். கைதட்டல் எழுந்தது. எத்திராஜ் எழுந்து நின்று கும்பிட்டார்.

தப்பியிருந்தது. அவள் கையால்தான் தப்பியிருந்தது.

அக்டோபரில், ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் வாரம் கிளப் போட்டி நடந்தது. பூஜைக்கென்று கோவிந்தப்பா ஜிம்மிலிருந்த அத்தனை பிளேட்டுக்கும் சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார். சிவப்பாக இருந்த இருபத்தைந்து கிலோவும் நீலமாக இருந்த இருபது கிலோவும் ஒரே நிறமாகிவிட்டன. இரண்டுக்கும் வட்டம் ஒன்றேதான், தடிமனில்தான் வித்தியாசம். வார்ப்பில் இருந்த எண்களுக்குள்ளும் பெயிண்ட் இறங்கி மூடியிருந்தது. மஞ்சளும் குங்குமமும் வைத்து, எலுமிச்சை நறுக்கி, "பளபளன்னு இருக்குது பாரு" என்று எல்லோரும் ரசித்தார்கள்.

காலையில் தூக்கி முடித்த பிள்ளைகள் மத்தியானம் பெரியவர்களுக்கு பிளேட் ஏற்றுவது அந்த கிளப்பின் வழக்கம். தர்ஷினி இடது பக்கம் நின்றாள். அன்று காலைதான் அவள் தன் எடைப் பிரிவில் முதலாவதாக வந்து மாநில அணிக்குத் தேர்வாகியிருந்தாள். கழுத்தில் மெடல் ஆடிக்கொண்டிருந்தது. ரெமிஜியஸ், பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில், நூற்று ஐம்பத்தேழரை கிலோவைப் பூ மாதிரி எடுத்துவிட்டு, மூன்றாவது வாய்ப்புக்கு நூற்று அறுபத்தைந்து கேட்டார். கடைசியாக இரண்டு பக்கமும் ஒரு இருபது ஏற வேண்டும். ஒரு நிமிடம்தான் நேரம். அவள் ஸ்டாண்டிலிருந்து ஒன்றை உருவி ஏற்றி கிளிப்பைப் பூட்டினாள். சரிபார்க்க வேண்டிய எத்திராஜ் நாற்காலியிலிருந்தே பார்த்துத் தலையசைத்தார்.

பார் முட்டிக்கு மேல் வந்தது. பிறகு இடது பக்கம் சாய்ந்தது. ரெமிஜியஸின் முகம் கருஞ்சிவப்பாகி, கால் ஒருமுறை நடுங்கி, பார் கீழே விழுந்தது. மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தன, தூக்கியது செல்லாது. அவர் கொஞ்ச நேரம் அந்த பாரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கேயே குனிந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிப் போய்விட்டார்.

பிளேட்டை இறக்கும்போதுதான் அவளுக்கு மணிக்கட்டில் தெரிந்தது. இது இருபது இல்லை. நகத்தால் பெயிண்டைச் சுரண்டினாள். இரண்டு, அதற்குப் பக்கத்தில் ஐந்து.

ஏற்றியதில் தப்பிருந்தால் தூக்கியவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அந்த விதியை அவர்களுக்கு போர்டில் எழுதிப் போட்டதே எத்திராஜ்தான். ஆனால் சுற்று முடிவதற்குள் சொல்ல வேண்டும். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். மைக்கில் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் மெடல். அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்தாள். பிளேட்டை ஸ்டாண்டில் சொருகிவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம், வைட்ஃபீல்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை முடித்து வந்த அம்மா தூங்கியதும், போனில் அவருக்கு எழுதுவாள். 'அங்கிள், அன்னைக்கு' என்று ஆரம்பிப்பாள். அழித்துவிடுவாள்.

கூட்டம் கலைந்தது. போண்டாத் தட்டுகளும் மல்லிகை உதிரியும் கிடந்த மேடையில், அழகுக்கென்று மாலை போட்டு வைத்திருந்த பாரும் பக்கத்தில் அடுக்கியிருந்த பிளேட்டுகளும் மட்டும் மிச்சமிருந்தன. கோவிந்தப்பா கீழே நாற்காலி மடிக்கிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். ரெமிஜியஸ் பழக்கூடையை நகர்த்திவிட்டு அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இந்தா பாப்பா." தோல் பெல்ட். நான்கு விரல் அகலம், வியர்வை குடித்துக் குடித்துக் கறுத்துப்போனது. "நேஷனல்ஸ்க்கு கட்டிக்க. எனக்கு இதுல இன்னா வேல இனிமே? வூட்ல ஆணியில தொங்கிக்கினு என்னியே மொறைக்குது."

"வேணாம் அங்கிள்."

"ஏன், நாத்தமடிக்குதா?"

"அங்கிள், அன்னைக்கு பார்ல நூத்தியறுபத்தஞ்சு இல்ல." அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "நூத்தியெழுபது. லெஃப்ட் சைடு நான் இருபத்தஞ்சு போட்டுட்டேன். பெயிண்ட்ல தெரியல. எறக்கும்போது தெரிஞ்சுது. அப்பவே தெரிஞ்சுது அங்கிள். டீம்ல இருந்து தூக்கிடுவாங்கன்னு பயந்துகினு சொல்லல."

பக்கத்தில் தன் ஷீல்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்த எத்திராஜின் கை நின்றது.

"இன்னாம்மா ஒளர்ற?"

"நெஜமா சார்."

"அத இப்ப எதுக்கு சொல்ற? நல்ல நாள் அதுவுமா!" என்று குரலை உயர்த்தியவர் பாதியிலேயே தணிந்தார். "செக் பண்ண வேண்டியவன் நானு. முட்டி வலிக்குதுன்னு எந்திரிக்கல. குந்தின எடத்துலயே பாத்து தலைய ஆட்டிட்டேன் ரெமி."

ரெமிஜியஸ் அவரைப் பார்க்கவில்லை. அவளிடம் கேட்டார், "எவ்ளோ தூரம் வந்துச்சு?"

"முட்டிக்கு மேல. தொடையில பாதி."

"கோணிக்கினு."

"ஆமா அங்கிள்."

"அப்ப நூத்தியறுபத்தஞ்சு வந்திருக்கும்," என்றார். யாரிடமும் சொன்னது மாதிரி இல்லை. "மறுநாள் காலைல அஞ்சு மணிக்கு அலாரம் அடிச்சுது. ஒடம்பு போச்சு, இனிமே எதுக்குன்னு ஆஃப் பண்ணிட்டு படுத்துட்டேன். நாப்பத்தொம்போது வருசத்துல ஆஃப் பண்ணதே இல்ல. அப்புறம் வைக்கவே இல்ல."

அவளுக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பேட்டாவைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

"நூத்தியறுபத்தஞ்சு. லோடு பண்ணு."

"டேய், பைத்தியமா உனக்கு?" எத்திராஜ் எழுந்துவிட்டார். "மூணு மாசமா பாரத் தொடல நீ. இடுப்பு போயிடும்."

"எனக்குத் தெரியணும் எத்தி. லோடு பண்ணும்மா."

அவள் மாலையை எடுத்துக் கீழே வைத்தாள். ஒவ்வொரு பிளேட்டாகத் தூக்கி, சாவியால் பெயிண்டைச் சுரண்டி எண்ணைக் காட்டி ஏற்றினாள். எத்திராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தி, போன் டார்ச்சை அடித்து ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். இடது பக்கம் இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபது. வலது பக்கமும் அதேதான். பாரும் கிளிப்புகளும் சேர்ந்து நூற்று அறுபத்தைந்து. பிறகு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். எழுந்து பாருக்கு நேரே, நடுவர் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றார்.

ரெமிஜியஸ் பெல்ட்டைக் கட்டினார். பழைய துளையைத் தாண்டி இரண்டு துளை உள்ளே போயிற்று. செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து, குனிந்து, பாரைப் பிடித்தார்.

கீழே நாற்காலி மடிக்கும் சத்தம் நின்றது. "ஏன் மாட்தாவ்ரே இவரு! என்ன பண்றாரு!" என்று கோவிந்தப்பா பதறுவது கேட்டது.

பார் வளைந்தது. பிளேட்டுகளுக்குள் இரும்பு ஒருமுறை 'டிக்' என்றது. அவ்வளவுதான். ரெமிஜியஸின் கழுத்து நரம்பு புடைத்தது, முழங்கை துடித்தது. ஆனால் பாருக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுகூட இடைவெளி வரவில்லை. மூச்சை விட்டார். இன்னொரு தரம் இழுத்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

டெட்லிஃப்டில் நடுவர் சொல்வதற்கு ஒரே சொல்தான் உண்டு. முழுசாக எழுந்து நின்ற பிறகு, 'டவுன்'. எத்திராஜ் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"அங்கிள், மறுபடி ஜிம்முக்கு வாங்க அங்கிள். நான் தினமும் காலைல வந்து..."

"எழுவத்தியொண்ணுல மூணு மாசம் குந்துனா போனது போனதுதாம்மா," என்றார் ரெமிஜியஸ். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அன்னைக்கே ஒரு சத்தம் குடுத்திருக்கலாம் நீ."

பெல்ட்டை அவிழ்த்தார். ஒரு நொடி அவள் பக்கம் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டித் தன் கக்கத்திலேயே வைத்துக்கொண்டார். எத்திராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மேடையிலிருந்து இறங்கினார். இரண்டு பேட்டாக்களும் பழக்கூடையும் நாற்காலிகளிலேயே இருந்தன.

"தர்ஷினி, அத எறக்கி வைம்மா, டைம் ஆச்சு!" என்றார் கோவிந்தப்பா கீழிருந்து.

அவள் இடது பக்கம் போய் கிளிப்பைக் கழற்றி, முதல் பிளேட்டை உருவினாள். இருபது. கைக்கு அது நன்றாகத் தெரிந்தது.