கேமராவைப் பார்த்த இஸ்திரிக்காரர்

எங்கள் தெருவில் எடுத்த சூறாவளிப் படம் மூன்று வருடம் இழுத்தடித்துவிட்டு ஒருவழியாக வெளிவந்தது. வெளிவந்தது என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. ஒரே தியேட்டர், அதிலும் பகல் காட்சி மட்டும்.

எடுக்கும்போது மாடியில் நின்று ஒன்று விடாமல் பார்த்தவள் நான். பெரிய மின்விசிறிகள், மரத்தூள் மூட்டைகள், ஒரு தண்ணீர் லாரி. பிரளயத்துக்கு ஆன ஏற்பாடு அவ்வளவுதான். சூறாவளியைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வார்களாம். அதுவரை இல்லாத காற்றுக்குப் பயந்து தெரு சனம் பேக்கரி வரை ஓட வேண்டும். இஸ்திரிக் கடைக்காரரும் ஓடினார்.

அடுத்த வருடமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாரடைப்பு. அவர் மனைவி தையல்காரி. அதே கடையில் மெஷின் போட்டுத் தைக்கிறாள். அவளுக்கு ஒரு தீராத குறை. மனுஷனுக்கு எந்தப் போட்டோவிலும் கண் திறந்திருக்காது. கல்யாணப் படத்தில்கூட மாப்பிள்ளை நின்றபடியே தூங்குவார்.

“கண்ண மூடிட்டு யாராச்சும் ஓட முடியுமாக்கா? சினிமாவுல தெறந்துதானே இருக்கும்?” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

மரத்தூள் பறக்கும்போது எவன் கண்ணைத் திறப்பான் என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுவேன். நான் ஒரு பேச்சை விழுங்குவது தெருவில் யாரும் நம்பாத சங்கதி.

முதல் நாள் தெருவே திரண்டு போனது. படமா அது? சூறாவளி, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி இருந்தது. ஓட்டுக்கூரை பறக்கிறது, பக்கத்துக் கொடியில் துணி ஆடாமல் தொங்குகிறது. ஊரே அழிந்தும் கதாநாயகிக்கு ஒரு முடி கலையவில்லை.

பிறகு எங்கள் தெரு வந்தது. எல்லோரும் தலைதெறிக்க ஓட, இஸ்திரிக்காரர் மட்டும் நின்று திரும்பி, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தார். மறு நொடி பிரஷ் வந்து அவரை மூடியது. தியேட்டரே கொல்லென்று சிரித்தது.

“சாவு துரத்துது, இவரு பல்லக் காட்டுறாரு” என்றார் பேக்கரிக்காரர்.

நான் தையல்காரியைப் பார்த்தேன். முகத்தைக் கையால் பொத்தியிருந்தாள்.

“பாத்தியா?”

“இல்லக்கா. அங்கயும் மூடியிருந்தா என்ன பண்றதுன்னு பயந்து, நான் கண்ண மூடிட்டேன்.”

மறுநாளோடு படத்தைத் தூக்குகிறார்கள். அதுவும் பத்துப் பேராவது வந்தால்தான் ஓட்டுவோம் என்று டிக்கெட் கொடுப்பவர் கறாராகச் சொல்லிவிட்டார். நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

“அந்தக் கண்றாவிய இன்னொரு தடவையா?” என்று பேக்கரிக்காரர் அலறினார்.

“வாங்க. வந்து வாய மூடிட்டு உக்காருங்க. போதும்.”

வந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

எங்கள் தெரு வந்தபோது தையல்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நின்றார். திரும்பினார். இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரர்கூட.

“கேமராவப் பாக்கலக்கா” என்றாள் மெதுவாக. “அதுக்குப் பக்கத்துல நான் நின்னேன். சட்டை பட்டன மாத்திப் போட்டிருந்தாரு. நான்தான் சைகை காட்டினேன்.”

திரையில் அவர் கை சட்டைக்குப் போனது. அதற்குள் பிரஷ் வந்துவிட்டது.

“சரியாப் போட்டாரான்னு தெரியலையே” என்றாள்.

அதன் பிறகு படத்தில் பார்க்க ஒன்றுமில்லை. காற்று அடங்கி, பிழைத்தவர்கள் பேக்கரிப் பக்கமிருந்து திரும்பி வந்தார்கள். அவள் சீட்டின் நுனிக்கு நகர்ந்து, வருகிற ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அந்தக் காட்சி எடுத்தபோது அவர் இல்லை, இஸ்திரிப் பெட்டியில் கரி அணைந்துவிடும் என்று கடைக்குப் போய்விட்டார். மாடியிலிருந்து பார்த்த எனக்குத் தெரியாதா?

நான் அதைச் சொல்லவில்லை. கடைசி ஆள் நடந்து முடிக்கும்வரை அவள் தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.