ஒன்பதாம் பெட்டியின் ராணி

மழைக்காலத்தில் ஈ குறைந்த தேன்பெட்டியை ஈ நிறைந்த பெட்டியோடு சேர்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சேர்க்கும்போது இரண்டு ராணிகளில் ஒன்றை நசுக்கிவிட வேண்டும். யாருடைய ராணி மிஞ்சுகிறதோ, சேர்ந்த பெட்டி அவருக்கு. அப்பா காலத்திலிருந்து இதில் தகராறு வந்ததே இல்லை என்பார்கள். என் அண்ணனை எதிர்த்து யாரும் வாயைத் திறந்ததில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அண்ணனுக்கு நாற்பது பெட்டி. எனக்கு ஒன்று. கோடைவரை நான்கு இருந்தன. பூ இல்லாத மாதங்களில் ஈக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்போம், அதுவும் பொழுது சாய்ந்த பிறகுதான். ஒருநாள் அவசரத்தில் நான் நட்ட நடுப்பகலில் வைத்தேன், கீழேயும் கொஞ்சம் சிந்திவிட்டேன். வாசனை பிடித்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணனின் ஈக்கள் படையாக வந்தன. ஒரே பிற்பகலில் என் மூன்று பெட்டிகளை நக்கித் துடைத்துவிட்டுப் போய்விட்டன. தப்பு என்னுடையதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொள்ளையடித்தது யாருடைய ஈ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஐந்து நாள் விடாமல் பெய்த மழை ஆறாம் நாள் காலையில் கொஞ்சம் ஓய்ந்தது. அண்ணன் செய்தித்தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு தாளை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஈக்கள் தாளைக் கடித்து முடிப்பதற்குள் வாசனை கலந்துவிடும், சண்டை வராது. அதற்குத்தான் அந்தத் தாள்.

"அஞ்சு நாளா ஈ வெளிய போகல. இன்னைக்கு இடம் மாத்தினா புது வாசல் பழகிடும். உன் ராணிய எடுத்துட்டு என்னோட ஒன்பதாம் பெட்டி மேல வெச்சுடலாம்."

"வெச்சா எனக்கு என்ன மிஞ்சும்?"

"உனக்கென்ன குறை? என்னோட நாப்பது பெட்டியும் நீ பாக்கிறதுதானே? ஈ அடங்கப் புகை போட ஆள் வேணும்ல."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருபது வருடமாகப் பெட்டி வைத்திருப்பவள் நான். அந்த ஒரு ராணி போய்விட்டால் அண்ணனுக்குப் பின்னால் புகை போட்டுக்கொண்டு நடக்கும் எடுபிடி. இவனுக்கு அது குறையாகவே தெரியவில்லை.

"சேர்க்கலாம். ஆனா உன் ஒன்பதாம் பெட்டிய முதல்ல திறந்து காட்டு."

"எதுக்குத் திறக்கணும்? நீயே தூக்கிப் பாரு. கல்லு மாதிரி கனக்குது."

எங்கள் பக்கம் அண்ணனுக்குப் பட்டப்பெயரே தராசு. பெட்டியின் பின்பக்கத்தை ஒரு விரலால் லேசாகத் தூக்குவான். கனத்தால் நல்ல பெட்டி, கனக்காவிட்டால் மோசம். திறந்து பார்ப்பதெல்லாம் கத்துக்குட்டிகள் செய்கிற வேலை என்பது அவன் எண்ணம்.

"அது கனக்குது, சரி. உள்ள இருக்கிறது என் சர்க்கரைத் தண்ணி. அதோட வாசலைப் பாரு. மழைக்கு முன்னாடி எல்லாப் பெட்டியிலயும் வேலைக்கார ஈங்க ஆண் ஈயை அடிச்சு விரட்டிடுச்சு. இதுல மட்டும் தடித்தடியா சுத்துது. ஏன்?"

"நாலு பெட்டிய வெச்சுக் காப்பாத்தத் தெரியாதவ, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா!"

வேலியைத் தாண்டி நேராக ஒன்பதாம் பெட்டிக்குப் போனேன். அண்ணி ஏற்கெனவே புகைப்பானைப் பற்ற வைத்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே ஆள். மூடியை எடுத்து, நடுச்சட்டத்தை உருவி, அடையை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். குஞ்சு இருக்க வேண்டிய அறைகளில் பாதி காலி. மீதியெல்லாம் குண்டு குண்டாகப் புடைத்த மூடிகள், அத்தனையும் ஆண். ராணி கிழடாகிவிட்டாள். அவளுக்கு இனி வேலைக்கார ஈ பிறக்காது. இருக்கிற கூட்டம் செத்தால் பெட்டி காலி.

நாற்பது பெட்டிக்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை வருஷமா சொல்றேன், திறந்து பாருங்கன்னு," என்றாள் அண்ணி.

"இப்ப சொல்லு அண்ணா. எந்த ராணி போகணும்?"

அண்ணன் தாளை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். "வேற பெட்டியோட சேர்த்துக்கலாம். பதினாலு நல்லா இருக்கு."

"நல்லா இருக்கிறதுக்கு என் ராணி எதுக்கு? ராணி இல்லாம சாகப் போறது இதுதான். நீயா இதைக் காட்டிச் சேர்க்கலாம்னு வந்தே. வழக்கம்னா ரெண்டு பக்கமும் வழக்கம்தான்."

நான் விட்டுக்கொடுப்பேன் என்று கடைசிவரை காத்துப் பார்த்தான். அன்றைக்கு என் காலில் விழுந்திருந்தாலும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். அந்தக் கிழட்டு ராணியைத் தேடிப் பிடித்து அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"உன் ராணி. நீயே செய்."

என்னுடையதை நசுக்க வந்தவனுக்குத் தன்னுடையது என்றதும் விரல் வரவில்லை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தான். எனக்கும் ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது.

தாளை விரித்தோம். ஈ குறைந்த பெட்டிதான் இடம் மாற வேண்டும் என்பதால், என் நீலப் பெட்டி அவனுடைய வெள்ளை வரிசைக்கு நடுவே, ஒன்பதாம் பெட்டியின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. மறுபடியும் தூறத் தொடங்கியது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தான்.

"ராணி உன்னோடது, சரி. இடம் என்னோடது, ஈயும் முக்கால்வாசி என்னோடது. மழை முடியட்டும், யார் பெட்டின்னு அப்புறம் பேசிக்கலாம்."

"தாராளமா பேசலாம்," என்றேன். "ஈயோட ஆயுசே ஒன்றரை மாசம்தான். மழை முடியுறதுக்குள்ள உன் ஈ ஒண்ணுவிடாம வயசாகிச் செத்திருக்கும். அன்னைக்கு மூடியைத் திற. எதைப் பிடிச்சுப் பார்த்தாலும் அது என் ராணி பெத்ததா இருக்கும்."