ஏழாம் வீட்டு அடுப்பு

விடிந்தால் முதல் வேலை நெருப்புக் கடத்துவதுதான். துறைமுகத்து மதிலுக்குப் பின்னால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்ற பன்னிரண்டு வீட்டுக்கும் காலையில் ஒரேயொரு தீக்குச்சிதான் செலவு. முதலாம் வீட்டுச் சூசைப்பிள்ளை அதைக் கிழிப்பார். அவருடைய அடுப்பில் தேங்காய்ச் சிரட்டை கனன்றதும், எண்ணெய்ப் பீப்பாவின் அடியை வெட்டி அவரே செய்த இரும்புத் தட்டில் நாலு தணலை அள்ளி, சமைக்கிற குசினியின் சுவரிலிருந்த பொட்டு வழியாக இரண்டாம் வீட்டுக்கு நீட்டுவார். இரண்டாம் வீடு தன் அடுப்பை மூட்டிவிட்டுத் தட்டை மூன்றாம் வீட்டுக்குத் தள்ளும். இப்படியே பன்னிரண்டு வரை.

வேலியில் ஆள் புகுந்து போகிற ஓட்டையைத்தான் ஊரில் பொட்டு என்பார்கள். இவர்கள் அதைச் சுவரில் உடைத்திருந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் கடைகள் பூட்டிக்கிடக்க, ஊரடங்கு நாள்கணக்கில் நீள, வாசலால் தலை நீட்டவும் பயமாக இருந்த நேரம் அது. அரிசி, உப்பு, காய்ச்சல் குளிசை எல்லாம் அந்த வழியாகத்தான் போய்வந்தன. ஒரு முழ அகலம், ஒரு முழ உயரம். கடைகள் திறந்து ஒரு வருசமாகியும் யாரும் அதை அடைக்கவில்லை. வீடுகளைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து தங்கள் கையாலேயே கட்டியவர்கள். கிணறு ஒன்று, தையல் மெசின் ஒன்று, சோறாக்கும் பெரிய கிடாரம் ஒன்று. சுவரை மட்டும் ஏன் தனித்தனியாக வைத்தோம் என்று அவர்களுக்கே பிறகு யோசனையாகத்தான் இருந்தது.

ஏழாம் வீட்டில்தான் சிக்கல். அந்த வீட்டுச் சீதேவியின் புருசன் கதிர்காமத்தம்பியை மாசி மாதத்து இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் சீதேவி, கைக்குழந்தையோடு, தெற்கே உள்ள முகாம்களில் தேடப் புறப்பட்டாள். போகும்போது கதவைப் பூட்டித் திறப்பை ஆறாம் வீட்டு யோகமலரின் கையில் வைத்தாள்.

"அடுப்பை மட்டும் பாத்துக்கொள்ளு, மலர். நான் வந்து திறக்கேக்குள்ள வீடு குளிர்ந்துபோய்க் கிடக்கக்கூடாது."

"ஓம்" என்றாள் யோகமலர். அவளுக்கு அதற்கு மேல் கதை வராது. இறங்குதுறையில் கருவாடு கட்டும் வேலை. வாயைத் திறக்காமலே நாள் முழுக்க ஓடிவிடும். காற்றடித்தால் விழுந்துவிடுவாள்போல் அவ்வளவு மெலிவு. அதனால் வரிசையில் அவளுக்கு ஈர்க்கு என்று பட்டம்.

ஏழில் ஆளில்லாவிட்டால் ஆறிலிருந்து எட்டுக்கு நெருப்புப் போகாது. ஆகவே யோகமலர் தட்டைப் பொட்டில் வைத்துவிட்டு, வாசலால் ஓடி, ஏழைத் திறந்து, மறுபக்கத்திலிருந்து தட்டை எடுப்பாள். சீதேவியின் அடுப்பை மூட்டித் தேநீர்க் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைப்பாள். மிச்சத் தணலை எட்டாம் வீட்டுப் பரீதாவிடம் கொடுப்பாள். நாளடைவில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஏழாம் வீட்டில்தான் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அங்கேதான் கேத்தில் சும்மா இருந்தது.

வைகாசியில் கடிதம் வந்தது. வீடுகள் இருந்த காணி அரசாங்க அலுவலகமான கந்தோருக்குச் சொந்தம். செவ்வாய்க்கிழமை உத்தியோகத்தர் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தது. கிணற்றடியில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சூசைப்பிள்ளை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசித்தார்.

"ஒப்பந்தத்தின்படி, தொடர்ந்து மூன்று மாதம் அடுப்பு எரியாத வீடு ஆளில்லா வீடாகக் கொள்ளப்பட்டுக் கந்தோர் வசமாகும்."

"ஆரோ பெரிய ஆளுக்கு ஏழாம் வீட்டில கண்" என்றார் பதினோராம் வீட்டு மேசன் கனகசுந்தரம்.

"அடுப்பு எரியுதுதானே" என்றாள் யோகமலர். அது அவளுடைய சட்டைக் கழுத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. ஒருவருக்கும் கேட்கவில்லை.

சூசைப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். "சீதேவி எங்க போனவ எண்டு தெரிஞ்சால் உடனே பேரை வெட்டுவாங்கள். பிடிபட்டவன்ர பெண்சாதி. அவ இஞ்சதான் இருக்கிறா எண்டு காட்டவேணும்."

"ஆரைக் காட்டுற?" என்றாள் பரீதா. "நான் நிண்டால் வாசலே அடைபடும். சீதேவி மெலிஞ்ச புள்ள. நம்மட ஈர்க்கு நிக்கட்டும்."

எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலையை ஆட்டினாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஏழாம் வீட்டை ஆள் வாழ்கிற வீடாகக் காட்டவேண்டும் என்று முடிவெடுத்தார்களே தவிர, யார் எதைக் கொண்டுவருவது என்று பேசவில்லை. பன்னிரண்டு வீட்டிலும் யாருக்கும் யாரையும் கேட்டு உதவி செய்து பழக்கமில்லை. தேவை என்று தெரிந்தால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அந்தப் பழக்கம் அன்றைக்கு அவர்களைக் கவிழ்த்தது. யோகமலர் காலையில் கதவைத் திறந்துவைத்துவிட்டு, இறங்குதுறைக்குப் போய் அரைநாள் லீவு சொல்லி ஓடிவந்தபோது, உத்தியோகத்தர் குணரத்தினத்தின் மோட்டார்சைக்கிளும் வந்து நின்றுவிட்டது. எதையும் ஒதுக்க நேரமில்லை. அவரவர் கொண்டுவந்ததெல்லாம் உள்ளே மாட்டியும் வைத்தும் இருந்தன.

குணரத்தினம் உள்ளே வந்தார். நின்றார். சுற்றிப் பார்த்தார்.

ஒரே சுவரில் முருகன் படம், பக்கத்தில் மாதா படம், அதற்குப் பக்கத்தில் மக்கா போட்ட கலண்டர். குசினியில் ஐந்து கேத்தில். கொடியில் ஆண்கள் இடுப்பில் கட்டுகிற சாரம், மூன்று அளவில் ஏழு. மூலையில் இரண்டு தொட்டில்.

"இந்த வீட்டில எத்தினை பேர்?"

"மூண்டு" என்றார் சூசைப்பிள்ளை.

"ஒன்பது" என்றாள் பரீதா, அதே நேரத்தில்.

குணரத்தினம் கொடியிலிருந்த பெரிய சாரத்தை ஒரு விரலால் தொட்டார். "இதுக்குள்ள ரெண்டு பேர் நிக்கலாம். ஆற்ற?"

"என்ர" என்றார் கனகசுந்தரம். பிறகுதான் நாக்கைக் கடித்தார். வாசலில் நின்ற யாரோ சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினார்கள்.

உத்தியோகத்தர் யோகமலரின் பக்கம் திரும்பினார். கையில் கடதாசிக் கோவை, விரித்தபடி.

"நீர்தான் சீதேவியோ?"

ஓம் என்ற ஒரு சொல் போதும். அவள் வாழ்நாளில் அதிகம் சொன்ன சொல்லும் அதுதான். யோகமலர் அடுப்பைப் பார்த்தாள். காலையில் மூட்டிய தணல் சாம்பலுக்குள் சிவப்பாகக் கிடந்தது. தான் சீதேவி என்று சொன்னால், சீதேவி திரும்பி வருகிற நாளில் அவள் யார்?

"இல்லை" என்றாள்.

"ஐயோ ஈர்க்கே" என்று பரீதா நெஞ்சில் கை வைத்தாள்.

"நான் யோகமலர். ஆறாம் வீடு. சீதேவி புருசனைத் தேடிப் போயிட்டா. புருசனைத் தேடுறது குற்றமெண்டு உங்கட கடுதாசியில இல்லை. அடுப்பு எரியவேணும் எண்டுதான் இருக்கு. எரியுது. அவ போன நாளில இருந்து ஒரு காலமையும் நிண்டதில்லை. கையை வைச்சுப் பாருங்கோ."

அவ்வளவு நீளமாக அவள் பேசி வரிசையில் யாரும் கேட்டதில்லை. சூசைப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார், பார்த்தால்தான் நன்றாகக் கேட்கும் என்பதுபோல.

"நீங்கள் மூட்டின அடுப்பு. உரித்துக்காரி மூட்டேல்லையே" என்றார் குணரத்தினம்.

"ஆர் மூட்டவேணும் எண்டு எழுதியிருக்கோ?"

அவர் கோவையைப் புரட்டினார். முன்னுக்கும் பின்னுக்கும் வாசித்தார். எழுதியிருக்கவில்லை. அவருடைய காது சிவந்தது. நல்ல மனிதரோ கெட்ட மனிதரோ, மேலிடத்துக்கு ஒரு வீடு கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தவர் அவர்.

"சரி. இண்டைக்கு இருந்து எண்ணுவம். மூண்டு மாசம். அதுவரைக்கும் இந்தக் கதவைத் திறக்கிறவர் ஆரெண்டாலும் பொலிசுக்குப் பதில் சொல்லவேணும்."

சாமான்களையெல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார். கேத்தில்கள் வெளியே வந்தன, சாரங்கள் வந்தன, தொட்டில்கள் வந்தன. முருகனையும் மாதாவையும் மக்காவையும் பரீதாவே ஒரு கையில் அணைத்து எடுத்துவந்தாள். கதவுக்கு ஆமைப்பூட்டுப் போட்டு, இரண்டு பலகைக்கும் குறுக்கே கடதாசி ஒட்டி, அரக்கு உருக்கி முத்திரை குத்தினார். யோகமலரின் கையிலிருந்த திறப்பையும் வாங்கிக்கொண்டார்.

மோட்டார்சைக்கிள் போன பிறகு எல்லாரும் கிணற்றடியில் கூடினார்கள்.

"பொய் சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம்" என்றார் கனகசுந்தரம்.

"உங்கட சாரத்தை வைச்சுக்கொண்டோ?" என்றாள் பரீதா. அண்ணன் முறைக்காரரை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "சும்மா இருங்க காக்கா. அந்தப் புள்ள பேசினதுதான் பேச்சு."

யோகமலர் அவர்களைக் கவனிக்கவில்லை. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழாம் வீட்டுப் புகைக்கூட்டில் கடைசிப் புகை மெலிந்துகொண்டிருந்தது.

"கதவைத்தானே பூட்டினவர்" என்றாள்.

அடுத்த நாள் விடிய, சூசைப்பிள்ளை தீக்குச்சியைக் கிழித்தார். தட்டு ஆறாம் வீட்டுக்கு வந்தது. யோகமலர் தன் அடுப்பை மூட்டினாள். பாவாடையை இடுப்பில் இறுக்கிச் செருகி, பொட்டுக்குள் இரண்டு கையையும் விட்டு, தலையை விட்டு, ஒரு தோளை முதலிலும் மற்றத் தோளைப் பிறகும் ஒடுக்கி நுழைந்தாள். இடுப்பில் பிடித்துக்கொண்டது. சட்டை கிழிந்தது. முழங்கை தோலுரிந்தது. ஒரு மூச்சை வெளியே விட்டு, வயிற்றை எக்கி, ஒரு தள்ளு. சீதேவியின் குசினி நிலத்தில் கைகளை ஊன்றி விழுந்தாள்.

எட்டாம் வீட்டுப் பொட்டில் பரீதாவின் முகம் தெரிந்தது.

"வந்திட்டியா புள்ள? நாங்க கேலி பண்ணின மெலிவு அல்லாஹ் அளந்து வைச்ச மெலிவு. இனி உனக்கு ஒரு பிடி சோறு கூடத் தரமாட்டன், கொழுத்துப்போவாய்."

யோகமலர் சிரித்துக்கொண்டே அடுப்பை மூட்டினாள்.

மழை நாளிலும் மூட்டினாள். சிரட்டை தீர்ந்தபோது வீட்டுக்கு ஒரு கைப்பிடியாகப் பதினொரு வீடும் அனுப்பின. துறைமுகத்தில் குண்டுச் சத்தம் கேட்டு மூன்று நாள் ஊரடங்கு போட்டபோதும் மூட்டினாள். வெளியே போகத் தேவையில்லாத வேலைதானே. அவளுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாளும் அவளுக்குப் பதிலாக நுழையக்கூடிய ஆள் வரிசையில் இல்லை. அப்போதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு நுழைந்தாள். பின்னால் சூசைப்பிள்ளை காலைப் பிடித்துத் தள்ளினார். ஆடியில் சீதேவியின் கடிதம் வந்தது. புருசனைக் கம்பிக்கு அப்பால் கண்டுவிட்டாளாம். விடுவார்கள் என்று சொல்கிறார்களாம். கடைசி வரியில், "அடுப்பு?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

ஆவணி முடிகிற நேரம் குணரத்தினம் வந்தார். தெருவில் இறங்கியபோதே மேலே பார்த்துவிட்டார். ஏழாம் வீட்டுப் புகைக்கூட்டிலிருந்து வெள்ளைப் புகை நேராக எழுந்து நின்றது. ஓடிவந்து கதவைப் பார்த்தார். பூட்டு அப்படியே. கடதாசி கிழியவில்லை. அரக்கில் அவருடைய முத்திரை குத்தியபடியே இருந்தது.

"உள்ள ஆர்?" என்று கத்தினார்.

வரிசை முழுவதும் வாசலுக்கு வந்து நின்றது. சூசைப்பிள்ளை அவரை ஆறாம் வீட்டுக்குள் மரியாதையாகக் கூட்டிப்போய்க் குசினிச் சுவரைக் காட்டினார். குணரத்தினம் குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் எரிகிற அடுப்பும், அதன் முன்னால் இரண்டு பாதங்களும் தெரிந்தன.

"இந்த ஓட்டையளை உடனே அடைக்கவேணும். ஆர் இஞ்ச மேசன்?"

"நான்தான் ஐயா" என்று கனகசுந்தரம் முன்னால் வந்தார். "அடைக்கலாம். சீமெந்து வேணும். சீமெந்துக்குப் பாஸ் வேணும். பாஸ் தாறது உங்கட கந்தோர். போன வருசம் கிணத்துக்கட்டுக்குக் கேட்டனாங்கள், இன்னும் வரேல்லை. இண்டைக்கே கையெழுத்து வைச்சால் முதல்ல கிணத்தைக் கட்டிப்போட்டு இதுக்கு வாறன்."

பரீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குணரத்தினம் கோவையை விரித்தார். எரியவில்லை என்று எழுதுவதற்கு வந்த பக்கம் அது. அவருக்குப் பின்னால் பதினொரு வீட்டுச் சனமும் நெருங்கி நின்று அந்தப் பேனையைப் பார்த்தது. யாரும் அசையவில்லை, யாரும் கெஞ்சவுமில்லை. புகை அவருடைய கண்ணைக் கரித்தது. திகதியைப் போட்டார். 'அடுப்பு எரிகிறது' என்று எழுதினார். கையெழுத்து வைத்தார்.

"பூட்டு?" என்றார் சூசைப்பிள்ளை.

"அது கிடக்கட்டும். உரித்துக்காரி வந்தால் கந்தோருக்கு வந்து திறப்பை வாங்கட்டும்."

அவர் நிமிரும்போது, பொட்டுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. தெரு முனை வரை கேட்கிற குரல்.

"தேத்தண்ணி ஊத்திட்டன், ஐயா. குடிக்கிறதெண்டால் குனிஞ்சுதான் வரவேணும்."