அட்டையின் இரண்டாவது வரி

பிப்ரவரி ஆறாம் தேதி வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் உள்ள தோல்பைத் தொழிற்கூடத்தின் மாடி அறையில் கூடியிருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு: மேசையின் தலைப்பக்கம் மேலாளர் கார்த்திகேசன். அவருக்கு வலப்புறம், ஏ.சி. காற்று நேராகப் படும் நாற்காலியில், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து வெரந்தோலி நிறுவனத்திலிருந்து வந்திருந்த லவீனியா அம்மையார். இடப்புறம் தையல் பிரிவுக் கண்காணிப்பாளர் அறிவுமதி. வாசலை ஒட்டிக் காவலாளி அந்தோணிசாமி. தென்புறத்து நாற்காலிகளில், நாற்காலிக்கு ஒன்றாக, பதினொரு கைப்பைகள். அவை பிளாரன்ஸிலிருந்து தாமாகவே திரும்பி வந்தவை. உட்காரச் சொல்லியும் உட்காராமல் சுவரோரம் நின்றவர் ஒருவர்: பொன்னுரங்கம், சிதம்பரம் ரயிலடி வேப்பமரத்தடியில் செருப்புத் தைப்பவர். அவர் அறிவுமதியின் அப்பா என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வெரந்தோலி வீட்டார் தோல் வேலைக்கு வந்து நூற்றுப் பதினான்கு வருடம் ஆகிறது. முதலாமவர் ஒரு தேவாலய வாசலில் உட்கார்ந்து குதிரைச் சேணமும் அறுந்த செருப்பும் தைத்தவர். அவருடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அதை மறைக்கவில்லை. அவர் தரையில் குந்தி நூலைப் பல்லில் கவ்வியிருக்கும் படத்தைப் பொன்நிறத்தில் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் ஒட்டினார்கள். தையலுக்கு அவர்கள் வைத்திருந்த சட்டம் கடுமையானது. இரண்டு ஊசி, ஒரே மெழுகு நூல், இரண்டும் ஒரே துளையில் எதிரெதிரே புகுந்து வர வேண்டும், அங்குலத்துக்கு ஒன்பது தையல், கடைசி முடிச்சு எந்தப் பக்கமும் தெரியக் கூடாது. தைத்து முடித்ததும் உட்பையில் ஓர் அட்டை வைக்க வேண்டும். முதல் வரியில் தைத்தவர் பெயரும் தொழிற்கூடத்தின் பெயரும், இரண்டாவது வரியில் அவருக்குக் கற்றுத் தந்தவர் பெயர், இரண்டும் தைத்தவர் கையெழுத்தில். இரண்டாவது வரி இல்லாத பையை அவர்கள் விற்பதில்லை.

அறிவுமதி இரண்டாவது வரியில் எழுதியது: ராமாமிர்தம், பயிற்றுநர், சென்னை. அவர் மூன்று மாதம் திரையில் படம் காட்டித் தோல் வகைகளைப் பற்றி வகுப்பு எடுத்தவர். நல்ல மனிதர். ஊசி பிடித்து யாரும் பார்த்ததில்லை. அறிவுமதிக்குத் தையல் வந்தது ஆறாம் வகுப்பில், பள்ளிக்கூடம் விட்டுக் காட்டுமன்னார்கோயில் பஸ் வரும்வரை வேப்பமரத்தடியில் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில். கடைசி முடிச்சை இரண்டு தோலுக்கும் நடுவில் குத்தூசி முனையால் தள்ளிவிடுவது பொன்னுரங்கத்தின் வழக்கம். செருப்புப் போடுகிறவர் காலில் உறுத்தக் கூடாது என்பதற்காக. அதே முடிச்சை அவள் முதல் மாதிரிப் பையில் போட்டபோது, தங்கள் முன்னோரின் முடிச்சு கடலூரில் கிடைத்துவிட்டது என்று பிளாரன்ஸிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கார்த்திகேசன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாடி அறைச் சுவரில் மாட்டினார். அந்தச் சுவரோரமாகத்தான் இப்போது பொன்னுரங்கம் நின்றார். பள்ளியில் சேர்த்த அன்று அப்பா தொழில் என்ன என்று கேட்டதற்கு, “கூலின்னு எழுதிக்குங்க சார்” என்று முதலில் மறைத்தவர் அவர்தான். மிச்சத்தை அவள் செய்தாள். வேலையில் சேர்ந்த எட்டு வருடத்தில் அப்பாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவாளே தவிர மரத்தடிக்குப் போனதில்லை. ரயில் சிதம்பரத்தில் நின்றால் எதிர்ப்பக்கத்துச் சன்னலைப் பார்த்துக்கொள்வாள்.

முதல் பை போன ஆகஸ்டில் வந்தது. பிளாரன்ஸ் கடையின் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு திங்கட்கிழமை காணாமல் போய், நாற்பத்து மூன்றாம் நாள் சாமியார்பேட்டையில் கரையேறியது. மீனவர்கள் நாலு பேர் பார்த்தார்கள். உலரப் போட்டிருந்த வலையை மிதிக்காமல் அது சுற்றிக்கொண்டு போனதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மத்தி மலிவு. அடியில் உப்புக் கோடு படிந்த அந்தப் பை சிதம்பரம் வந்து பொன்னுரங்கத்துக்கு எதிரே உட்கார்ந்தது. அதற்குப் பிறகு பதினைந்து நாளைக்கு ஒன்று. மற்றவர்கள் தைத்த பைகள் போன இடத்திலேயே இருந்தன. ஒவ்வொரு பையையும் பொன்னுரங்கம் பஸ் ஏற்றிக்கொண்டு வந்து அந்தோணிசாமியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

“அறிவு, இவர் பேசறத மேடத்துக்கு இங்கிலீஷ்ல சொல்லும்மா” என்றார் கார்த்திகேசன்.

“தானா வருதுங்க” என்றார் பொன்னுரங்கம். “வந்து எதிர குந்திக்குது. வெரட்டிப் பாத்தன், போவல. வெல ஜாஸ்தி சாமான், நாம வச்சிக்கக் கூடாதுன்னு கொண்டாந்து குடுத்தன்.”

“இங்கதான் குடுக்கணும்னு எப்படிய்யா தெரிஞ்சிது?”

“முடிச்ச பாத்து...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். “உள்ள அட்டை இருந்திச்சிங்க. டிக்கெட் கவுன்டர்ல படிக்கச் சொன்னன்.”

“திருடுறவன் பஸ் ஏறி வந்து திருப்பிக் குடுப்பானா சார்?” என்றார் அந்தோணிசாமி. “ஒரு டீ கூட குடிக்கமாட்டாரு.”

“நீ சும்மா இருய்யா. ஏறிக் குந்திக்கினு வர்றதுக்குக் கடல் என்ன டவுன் பஸ்ஸா?” என்றார் கார்த்திகேசன்.

அவர் கண்டெடுத்ததாகச் சொல்கிறார் என்று அறிவுமதி மொழிபெயர்த்தாள். லவீனியா அம்மையார் எழுந்து போய்ப் பொன்னுரங்கத்தின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரல் ஓரத்தில் நூல் அறுத்த பள்ளம் இருந்தது. இந்த வேலையை இவருக்குக் கற்றுத் தந்தது யார் என்று கேட்கச் சொன்னார்.

“உங்களுக்கு இந்த வேலைய யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?” என்று அறிவுமதி, முன்பின் தெரியாதவரிடம் கேட்பதைப் போலக் கேட்டாள்.

“எங்கப்பாங்க, மேடம். இருசப்பன்னு பேரு. புவனகிரி சந்தையில தைச்சாரு. நல்ல கை.”

இருசப்பன் அவளுக்குத் தாத்தா. அறிவுமதி அம்மையாரிடம் திரும்பி, “நோபடி” என்றாள். அம்மையார் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் தென்புறத்து நாற்காலிகளில் இருந்த பதினொரு பைகளும் வாயை மூடிக்கொண்டன. பிறகு சாவி போட்டும் திறக்கவில்லை.

எல்லா அட்டையிலும் அறிவுமதி பெயரே இருந்ததால், இவளை முன்பே தெரியுமா என்று கார்த்திகேசன் பொன்னுரங்கத்திடம் கேட்டார். அவர், “இந்த மேடத்த எனக்குத் தெரியாதுங்க” என்றார். சனிக்கிழமை போலீஸில் புகார் கொடுப்பது என்று முடிவானது. எழுதி வைத்த புகாரில் பொன்னுரங்கம் என்ற ஒரே பெயர்தான் இருந்தது. பொன்னுரங்கம் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். லவீனியா அம்மையார் மறுநாள் விடியற்காலை விமானத்தில் ஊர் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை அறிவுமதி அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சிதம்பரம் போனாள். வேப்பமரத்தடியில் பன்னிரண்டாவது பை உட்கார்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் பொன்னுரங்கம் யாராவது கவனிக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்: “சரியா சொன்னனா பாப்பா? சந்தேகம் ஒண்ணும் வரலியே?”

அவள் தரையில் உட்கார்ந்தாள். “யப்பா, நாளைக்கு உன் மேல கேஸ் குடுக்கறாங்க.”

“குடுக்கட்டும். ரெண்டு நாள் வச்சிருந்துட்டு உட்டுடுவாங்க. உன் வேல போனா வருமா?”

“எதுக்குத் தெரியாதுன்னு சொன்ன?”

“நீ நோபடின்னு சொன்னியே. அதுக்கப்புறம் நான் தெரியும்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” வாரில் ஊசியை இழுத்துக்கொண்டே சொன்னார். “அவ்ளோ இங்கிலீஷு எனக்குத் தெரியும் பாப்பா. நாப்பது வருஷமா ரயிலடியில குந்தியிருக்கன்.”

அறிவுமதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எதிரே கிடந்த அறுந்த செருப்புகளை ஓரமாக நகர்த்தினாள். பிறகு அவருடைய மரப்பெட்டியின் மேல் தாளை வைத்து லவீனியா அம்மையாருக்கு எழுதினாள். நான் தைத்த பன்னிரண்டு பைகளிலும் இரண்டாவது வரி பொய். அங்கே இருக்க வேண்டிய பெயர் பொன்னுரங்கம், செருப்புத் தைப்பவர், சிதம்பரம் ரயிலடி. அவருக்குக் கற்றுத் தந்தவர் இருசப்பன், புவனகிரி சந்தை. ஆறாம் தேதி உங்கள் நோட்டில் நீங்கள் எழுதிக்கொண்ட சொல்லை அடித்துவிடவும். சுவரோரம் நின்றவர் என் அப்பா. அவரை உட்கார வைக்காதது என் தவறு. எழுதியதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினாள்.

“செருப்புத் தைக்கிறவருன்னே போட்டுட்டியா?”

“போட்டுட்டன்.”

அவர் யோசித்தார். “சரி” என்றார்.

கடிதத்தைப் படம் எடுத்துக் கார்த்திகேசனுக்கு அனுப்பினாள். கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “கம்ப்ளெயின்ட் குடுக்கல. எட்டு வருஷமா ஏம்மா சொல்லல?” அவள் அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துக் கவரில் போட்டாள்.

கவரின் பசை ஈரக்காற்றில் நமுத்துப்போய் ஒட்டவில்லை. பொன்னுரங்கம் செருப்புக்குப் போடும் சொல்யூஷனை விரலால் எடுத்துத் தடவி, சுத்தியல் தலையை மேலே வைத்து, “ரெண்டு நிமிசம் அழுத்திப் புடி” என்றார். பிடித்தாள். தபால் ஆபீசுக்கு நடக்கும்போது அவர் பழக்கத்தில் இரண்டு அடி பின்னால் வந்தார். அவள் நின்றாள், அவரும் நின்றார். அவள் திரும்பிப் போய்ப் பக்கத்தில் நின்ற பிறகே நடந்தார். பை அவர்களுக்குப் பின்னால் வந்தது.

நாலு நாற்பதுக்குக் கவுன்டரில் கடிதத்தின் மேல் முத்திரை விழுந்தது. பை எழுந்து கிழக்கே கடல் இருக்கும் பக்கம் நடந்தது. ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு வழி விட்டார். அதே நேரத்தில் முதுநகரில் அந்தோணிசாமி கேட்டைத் திறந்துவிட்டு, வெளியே செல்லும் சரக்குப் பதிவேட்டில் எழுதினார்: மாலை 4.40, கைப்பை பதினொன்று, ஆள் துணை இல்லை, துறைமுகம் வழியாக.