மூன்றாவது மீட்டர்

பனியைக் குளிர் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அடிமண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் எங்கள் யாகூத்தியாவில் பனிதான் மண்ணுக்குக் கம்பளி. மேல்பரப்பில் மைனஸ் நாற்பத்தைந்து காட்டும் நாளில்கூட, அரை மீட்டர் கீழே, பனி மண்ணைத் தொடும் இடத்தில் மைனஸ் பத்துதான் இருக்கும். ஆராய்ச்சி நிலைய வேலையில், மண்ணில் போட்ட துளைக்குள் வெப்பமானிச் சரத்தை இறக்கி இறக்கியே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

என் தங்கை சயாராவின் கணவன் கெஸ்கில் இதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஊரில் எல்லோரையும்போல, பனி விழுந்ததும் அள்ளி வீட்டுச் சுவரோடு அணைத்துக் குவித்துவிடுவான். வீடு கதகதப்பாக இருந்தது. அடியில் மண்ணும் கதகதப்பாகவே இருந்தது. போன கோடையில் மண்ணுக்குள் புதைந்திருந்த ஐஸ் உருகி, சமையலறை மூலை ஒரு சாண் இறங்கிவிட்டது.

"பனியத் தள்ளுடா, குளிர் உள்ள இறங்கட்டும். மண்ணு இறுகினாத்தான் வீடு நிக்கும்!" என்று கத்தினேன்.

"கைக்குழந்தைய வச்சுக்கிட்டு வீட்டைக் குளிர விடச் சொல்ற. நீயெல்லாம் ஒரு தாய்மாமனா?" என்றான்.

ஆனாலும் செய்தான். குளிர்காலம் முழுக்க, பனி விழ விழ, அவனும் சயாராவும் வேலிவரை வாரித் தள்ளினார்கள். தரை சூடாகக் கூடாதென்று அடுப்பையும் அடக்கியே எரித்தார்கள். குழந்தை துஸ்குல் இரண்டு ரோமச் சட்டைக்குள் மூக்கு ஒழுகிக் கிடந்தான்.

மார்ச் கடைசியில் போய், சுவரோரம் நான் முன்பே போட்டு வைத்திருந்த துளையில் சரத்தை இறக்கினேன். சயாரா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மீட்டரில் மைனஸ் எட்டு. "நாங்க வாருன வாரு அப்படி!" என்று என் தோளில் குத்தினாள். இரண்டாவதில் மைனஸ் இரண்டு. எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

மூன்றாவதில் பிளஸ் அரை.

மறுபடியும் இறக்கிப் பார்த்தேன். அதேதான். மேலே இறுகியது வெறும் மூடி, அடியில் தண்ணீர். இனி எத்தனை குளிர்காலம் வாரினாலும் அவ்வளவு ஆழத்துக்குக் குளிர் எட்டாது.

"மைனஸுன்னு அவருகிட்ட சொல்லிடு, அண்ணே," என்றாள் சயாரா மெதுவாக. "முதுகு ஒடிய வாரினாரு. இன்னிக்கு மட்டுமாவது சொல்லிடு."

அதற்குள் கெஸ்கில் வந்துவிட்டான். "என்ன மச்சான், தப்பிச்சோமா?"

"இல்லடா. இந்தக் கோடை தாங்காது. வேற இடம் பாருங்க."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் உள்ளே போனான். அடுப்பைத் திறந்து, இருந்த விறகையெல்லாம் உள்ளே திணித்தான்.

"சயாரா, புள்ளயோட சட்டையக் கழட்டு," என்றான். "வீடு இருக்கிற வரைக்குமாவது அவன் சூடா இருக்கட்டும்."