ஜரீனாவின் டிஸ்கில் வந்த வரிகள்

1983இல் சிங்கப்பூர் ஷென்டன் வேயில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஜரீனா புரோகிராமராகச் சேர்ந்தாள். டன்லப் ஸ்திரீட்டில் மளிகைக்கடை வைத்திருந்த அப்துல் கஃபாரின் மூத்த மகள். அந்த வீட்டிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண்.

அங்கே இருந்தது ஒரே ஒரு பெரிய மெஷின்தான். ஆனால் அதற்குள்ளேயே ஒவ்வொரு புரோகிராமருக்கும் தனி மெஷின் இருப்பதுபோல் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். டெர்மினல் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் முழு மெஷினும் நமக்கே என்று தோன்றும். டிஸ்க்கும் அப்படித்தான். பெரிய டிஸ்க்கைத் துண்டு போட்டு, இங்கிருந்து இதுவரை ஜரீனாவுக்கு, அடுத்தது கூட வேலை செய்யும் ஆம்ப்ரோசுக்கு என்று எல்லை குறிப்பது சிஸ்டம்ஸ் பிரிவின் தலைவர் அருளானந்தத்தின் வேலை. ஒருவர் துண்டை இன்னொருவர் தொடவே முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஜரீனா ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காக நோயாளிகள் பதிவு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் அதைத் திறந்தபோது நடுவே கயிறு, ஆணி, பெயின்ட் என்று சாமான் பெயர்களாகக் கிடந்தன. அழித்துவிட்டு எழுதினாள். அடுத்த வாரம் வேறு இடத்தில் வந்தன. பத்திரத்துக்காக டேப்பில் வைத்திருந்த பழைய நகலை எடுத்துப் போட்டாலும் சில நாளில் அதே கதி.

சாமான் பெயர்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. ஆம்ப்ரோஸ் ஒரு கட்டடச் சாமான் கிடங்குக்காகப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். அவனுடைய டிஸ்க் தன்னுடையதில் இடிக்கிறதா என்று அருளானந்தத்திடம் போய்க் கேட்டாள். பார்த்துவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் அவர். அவர் பார்க்கவில்லை. ஆம்ப்ரோசுக்குப் புதிதாக டிஸ்க் பிரித்துக் கொடுத்தது அவரேதான். தன் கை தப்பாது என்று இருந்துவிட்டார்.

மேனேஜர் வடிவேலு, ஆம்ப்ரோசின் ஃபைலை அவள்தான் தெரியாமல் நகலெடுத்துச் சேர்த்திருப்பாள் என்று முடிவு கட்டினார். அதன் பிறகு அவள் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. மெல்ல மெல்ல அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எழுதியதையெல்லாம் தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து மறுபடி மறுபடி படிப்பாள். ஒருநாள் பக்கத்து மேசை பிரிஜட்டிடம், "இத நான்தான் எழுதினேனா? நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பிரிஜட் அவளைக் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்த்த அன்று, நோயாளியின் பெயர் வரவேண்டிய இடத்தில் பெயின்ட் என்று வந்தது. மறுநாள் வடிவேலு அவளை ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவள் எழுதிக் கொடுத்தாள்.

அந்த வேலையும் டிஸ்க்கும் பிரிஜட்டிடம் வந்தன. கொஞ்ச நாளிலேயே அவளுடைய வரிகளுக்கு நடுவிலும் ஆணி வந்தது. பிரிஜட் தன் மேல் சந்தேகப்படவில்லை. ஜரீனாவுக்கு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். சிஸ்டம்ஸ் பிரிவின் பட்டியலிலிருந்து டிஸ்க் எல்லைகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தாள். ஜரீனாவின் துண்டு முடிவதற்கு முன்பே ஆம்ப்ரோசின் துண்டு தொடங்கியிருந்தது.

அருளானந்தம் பிரிஜட்டுக்கு வெறும் மேலதிகாரி மட்டுமல்ல. இருவரும் லூர்து மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள்; இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெளியே அவரை நிறுத்திச் சொன்னாள்.

"நாளைக்கே சரி பண்ணிடுறேன். ஆனா இத பெருசு பண்ணாதம்மா. அந்தப் பொண்ணு போயாச்சு லா."

"அவ உங்ககிட்ட வந்து கேட்டா அங்கிள்."

அவர் மனைவி நின்ற பக்கம் நடந்தார்.

பிரிஜட் வடிவேலுவிடம் போனாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அவர், நம் மெஷினிலேயே கோளாறு என்று வெளியே தெரிந்தால் எந்த வாடிக்கையாளர் நம்மிடம் நிற்பான் என்றார். ஜரீனாவைத் திரும்பக் கூப்பிடும் பேச்சே அவர் வாயில் வரவில்லை.

அன்று சாயங்காலம் பிரிஜட் டன்லப் ஸ்திரீட்டுக்குப் போனாள். கடையில் அப்துல் கஃபார் மட்டும் இருந்தார். மகள் இப்போது கடைக்கு வருவதில்லை என்றார். வந்தபோது ஒரே பருப்பைத் திரும்பத் திரும்ப நிறுத்துக்கொண்டிருந்தாள், தூக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், மலேசியாவில், ஜொகூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் பிரிஜட்டை மாடிக்கு அனுப்பினார்.

ஜரீனா மெலிந்து போயிருந்தாள். பிரிஜட் நடந்ததை முழுக்கச் சொல்லி, எல்லை எங்கே தப்பியது என்று தாளில் கோடு போட்டும் காட்டினாள். ஜரீனா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"அப்ப நான் சொன்னது சரிதான்."

"சரிதான்."

"பார்த்துட்டேன்னு சொன்னாரே. அதுக்கப்புறம்தான் எனக்கு என் மேலயே நம்பிக்கை போச்சு."

இருவரும் சேர்ந்து வடிவேலுவிடம் போகலாம், வேறு கம்பெனியில் வேலை தேடலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றெல்லாம் பிரிஜட் சொன்னாள். ஜரீனா தலையசைத்து மறுத்தாள்.

"இப்ப எனக்குப் புரியுது பிரிஜட். ஆனா உள்ளுக்குள்ள சரியாகல. விளக்க அணைச்சேனான்னு பத்துத் தடவ எழுந்து பார்க்கிறேன். அது உங்க கோட்டால போகாது."

ரமலான் முடிந்ததும் அவளுக்கு நிக்காஹ் நடந்தது. உட்லண்ட்ஸ் எல்லை தாண்டி ஜொகூருக்குப் போனவள் பிறகு எந்த ஆபீசிலும் வேலை பார்க்கவில்லை. அருளானந்தம் அதே பதவியில் இருந்தார். பிரிஜட்டோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவள் வருஷக் கடைசியில் வேறு வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரி புரோகிராமை முடித்துக் கொடுத்தவன் ஆம்ப்ரோஸ். அதில் பெரும்பாலான வரிகள் ஜரீனா எழுதியவை.