உறவு என்ற கட்டத்தில்

போலீஸ்காரர் ஒருவர் லியோவின் சட்டைக் காலரைப் பிடித்து ஜீப்பை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தார். ஜீப் வழியை மறித்து நின்றதால் எங்கள் பள்ளி வேன் நகரவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் பார்த்தேன். லியோ என் அண்ணன். வேனில் இருந்த ஒருத்திக்கும் அது தெரியாது.

எங்கள் வீடு சிதம்பரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். வாரம் ஒரு தடவையாவது போலீஸ் வரும் சந்து. நான் தினமும் அங்கிருந்து அண்ணாமலை நகர் வரை நடந்து, பேராசிரியர் குடியிருப்பு வாசலில் வேன் ஏறுவேன். என் அப்பா அங்கே பேராசிரியர் என்று வேனில் வருபவர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். இல்லை என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் மண்டைய ஒடச்சிருக்க. ஏறுடா," என்று ஜீப்பிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"நான் அங்க இல்ல சார்."

"அப்ப எங்க இருந்த?"

லியோ வேனைப் பார்த்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"சும்மா சுத்திக்கிட்டு இருந்தேன் சார்."

பொய். அப்போது அவன் என் பள்ளியில் இருந்தான். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் பெண்களைத் தனியே விடமாட்டார்கள். அழைத்துப்போக வருபவர் டைரியில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். சிஸ்டர் சீல் வைப்பார். அந்த டைரி என் பையில் இருந்தது. காட்டினால் அண்ணன் தப்பிப்பான், என் குட்டு உடைந்துவிடும். அதைவிட மோசமான ஒன்றும் அந்தப் பக்கத்தில் இருந்தது.

ஜீப்பின் கதவு திறந்தது. நான் வேனிலிருந்து குதித்து ஓடினேன்.

"சார், இது எங்க அண்ணன் சார்! நேத்து என்னக் கூப்பிட ஸ்கூலுக்கு வந்திருந்துச்சு!"

வேன் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. சப்-இன்ஸ்பெக்டர் டைரியை வாங்கி சீலை உற்றுப் பார்த்தார்.

"ஆறு மணி. சரி. ஆனா உறவுங்குற எடத்துல டிரைவர்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கே? இவன் உனக்கு அண்ணனா, டிரைவரா?"

லியோவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. நேற்று நான் எழுதியதற்குக் கீழே, நாக்கைக் கடித்துக்கொண்டு, தமிழில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டான். அண்ணன் என்றுதான் எழுதியிருப்பேன் என்று நம்பினான். வெளியே வந்ததும், "ஏறுடி பெலி" என்று என் செல்லப் பெயரைச் சொல்லி பைக்கை முறுக்கினான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

"அண்ணன்தான் சார். நான்தான்..." அவமானம் பிடுங்கித் தின்றது.

"நான்தான் சார் அப்பிடி எழுதச் சொன்னேன்," என்றான் லியோ.

காலரை விட்டார்கள். ஜீப் போனது. வேன்காரர் ஹாரன் அடித்தார், நான் ஏறவில்லை. வேனும் போய்விட்டது.

அவன் நாலு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். போலீஸ் இழுத்ததில் கீழே சாய்ந்து கிடந்த பைக்கை நிமிர்த்தினான். பின் சீட்டில் இருந்த மண்ணைக் கையால் துடைத்தான்.

"ஸ்கூலுக்கு டைம் ஆச்சு," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "ஏறுங்கம்மா."